சவலைப் பிள்ளையும் நெற்களஞ்சியமும்

யாப்பிலக்கணத்தில் சவலை வெண்பா என்று ஒன்று உண்டு. நேரிசை வெண்பாவின் இரண்டாம் அடி முடிவில் வரவேண்டிய தனிச்சொல் வராமல் போனால் அதற்கு அந்தப் பெயர். இடையில் கிடைக்க வேண்டியது கிடைக்காமல் நோஞ்சானாகிப்போன பாட்டு. புலவர்கள் இச்சொல்லை வீட்டுக் கூடத்திலிருந்துதான் எடுத்திருக்க வேண்டும். தாய் மறுபடி உண்டாகிவிட, பால் நின்று, கைகால் சூம்பிச் சிணுங்கிக் கிடக்கும் முந்தைய பிள்ளைதான் சவலை.

சிசிலி வில்லியம்ஸ் என்ற மருத்துவர், இன்றைய கானாவான கோல்டு கோஸ்டில் தாம் கண்ட குழந்தை நோய் ஒன்றைப் பற்றி 1935-இல் 'லான்செட்' இதழில் எழுதினார். அவ்வூர்க் கா மொழியில் வழங்கிய 'குவாஷியார்க்கர்' என்ற பெயரையே அதற்கு வைத்தார். சவலையைப் போலவே, அடுத்த பிள்ளை வந்ததும் முந்தியதைப் பிடிக்கும் நோய் என்பது அதன் பொருள். மருத்துவ நூல்கள் உடல் மெலிவது ஒரு நோய், வீங்குவது வேறு நோய் என்று பிரித்தன. வீட்டுச் சொல் அப்படிப் பிரிப்பதில்லை. அது நோயின் காரணத்தையே பெயராக வைத்துக்கொண்டது.

சோழநாடு சோறுடைத்து என்ற பெருமைக்கு நடுவில் சவலை என்ற சொல் ஏன் இவ்வளவு காலம் உயிரோடு இருந்தது என்பதே இக்கட்டுரையின் கேள்வி. காவிரி டெல்டாவின் புகழ்பெற்ற தலபுராணங்களில் இரண்டு, பால் கிடைக்காத குழந்தையைப் பற்றியவை. சீர்காழிக் குளக்கரையில் பசித்தழுத மூன்று வயதுச் சம்பந்தருக்கு உமையம்மை பொற்கிண்ணத்தில் பால் ஊட்டினாள். சித்திரையில் திருமுலைப்பால் விழா இன்றும் நடக்கிறது. பாபநாசத்துக்கு அருகில் திருக்கருகாவூரில், தாயிடம் பால் இல்லாத சிசுவுக்காகக் காமதேனு குளம்பால் நிலத்தைக் கீறியதாகவும் அது பாற்குளமானதாகவும் தலபுராணம் சொல்கிறது. இவற்றை வரலாற்றுச் சான்றாக வைக்கவில்லை. ஆனால் எந்தக் கவலை ஊருக்குப் பெரிதாக இருந்ததோ அதற்குத்தான் ஊர் கோயில் கட்டும்.

பழைய முறை என்ன? ஆறாம் மாதத்தை ஒட்டிச் சோறூட்டல். குழைந்த பச்சரிசிச் சோறு, பருப்பு, ஒரு சொட்டு நெய். அதற்கு முன்பே சங்கு வந்துவிடும். மூக்கு நீண்ட அந்தச் சிறு பாத்திரத்தைப் பாலாடை என்றும் சொல்வார்கள். எடை குறைந்த சிசுக்களுக்குப் பால் புகட்ட இந்திய மருத்துவமனைகள் இன்று இதையே எடுத்துக்கொண்டிருக்கின்றன. கழுவ எளிது, புட்டியின் ரப்பரில் தங்கும் அழுக்கு இதில் தங்காது. குளிப்பாட்டியதும் உரைமருந்து: சுட்ட வசம்பு, ஜாதிக்காய், மாசிக்காய், கடுக்காய், சுக்கு ஆகியவற்றை உரைகல்லில் தாய்ப்பால் விட்டு இரண்டிரண்டு சுற்று இழைத்து நாக்கில் தடவுவது. வசம்புக்குப் 'பிள்ளை வளர்ப்பான்' என்றே பெயர். தஞ்சையை ஆண்ட இரண்டாம் சரபோஜி (1798–1832) தன்வந்திரி மகாலில் திரட்டுவித்த சரபேந்திர வைத்திய முறைகளில் கர்ப்பிணிக்கும் பாலருக்குமான சிகிச்சைகள் தனிப்பகுதியாகவே உள்ளன.

இந்த மருத்துவ மரபு முழுவதும் ஓர் அச்சத்தைச் சுற்றி நிற்கிறது. அதன் பெயர் மாந்தம். பால் மாந்தம், சோற்று மாந்தம் என்று வகை வகையாக. பருப்பு கொடுத்தால் மாந்தம், வாழைப்பழம் கொடுத்தால் சளி. இதை மூடநம்பிக்கை என்று ஒதுக்கிவிடுவது சுலபம், ஆனால் சரியல்ல. வாய்க்கால் தண்ணீரையே குடித்த ஊர்களில் குழந்தைக்கு வயிற்றுப்போக்கு தொடங்கியது உணவு தொடங்கிய மாதத்தில்தான். பாட்டிமார் பார்த்தது உண்மை; குற்றம் தண்ணீருடையது, பழி சோற்றின்மேல் விழுந்தது. அதனால் திடமான உணவு தள்ளிப்போடப்பட்டது. தாய்ப்பாலோடு கஞ்சித் தெளிவு மட்டும் ஓராண்டுக்கு மேலும் ஓடியது.

அரிசியைப் பற்றிக் கொஞ்சம் நின்று பேச வேண்டும். 1918-இல் ராபர்ட் மெக்காரிசன் என்ற மருத்துவர் குன்னூர்ப் பாஸ்டர் நிலையத்தின் ஓர் அறையில், தயமின் என்ற வைட்டமின் குறைவால் வரும் பெரிபெரி நோயை ஆராயத் தொடங்கினார். அதுவே பின்னர் ஊட்டச்சத்து ஆய்வுக்கூடமாகி, 1958-இல் ஐதராபாத்துக்குப் போய், தேசிய ஊட்டச்சத்து நிறுவனமாயிற்று. சென்னை மாகாணத்தில் பெரிபெரி நிலைகொண்டிருந்த இடம் வட சர்க்கார் எனப்பட்ட தெலுங்குக் கடற்கரை. அங்கும் டெல்டா, அங்கும் நெல். தஞ்சையில் ஏன் இல்லை? இங்கே பெரும்பாலோர் உண்டது புழுங்கலரிசி, அங்கே ஆலையில் தீட்டிய பச்சரிசி. நெல்லை ஊறவைத்து அண்டாவில் அவிக்கும்போது, தவிட்டிலுள்ள தயமின் அரிசிக்குள் இறங்கிக்கொள்கிறது. பிறகு தீட்டினாலும் களைந்தாலும் முழுவதும் போய்விடாது. தாய்க்குத் தயமின் இல்லையென்றால் அவள் பாலிலும் இராது. நன்றாகக் கொழுகொழுவென்றிருந்த கைக்குழந்தை இரண்டிலிருந்து ஐந்து மாதத்துக்குள் திடீரென இறந்துபோகும். அய்க்ராய்ட், கிருஷ்ணன் என்ற ஆய்வாளர்கள் 1941-இல் பெரிபெரிப் பகுதியின் சிசு மரணத்தைத் தனியாகவே ஆராய்ந்தார்கள். பிராமண வீடுகளும் வசதியுள்ள பிற வீடுகளும் விரும்பிய பச்சரிசியை விட, பண்ணையாள் வீட்டில் கூலி நெல்லை அவித்து உரலில் குத்திய அரிசியே பாலூட்டும் தாய்க்கு நல்லதாக இருந்தது. பச்சரிசி வீட்டுக்குப் பாலும் பருப்பும் துணைக்கிருந்தன என்பது வேறு கதை.

ஆக, ஆறு மாதம்வரை கூலிக்காரி வீட்டுப் பிள்ளையும் பிழைத்தது. சிக்கல் அதற்குப் பிறகு.

காவிரி டெல்டாவில் பிள்ளை பால் மறக்கும் காலத்தை ஆற்றுத் தண்ணீரும் சேர்ந்தே தீர்மானித்தது என்பது என் கருத்து. மேட்டூர் அணை 1934-இல் வந்தபின், ஜூன் 12 திறப்பு நாளாக நிலைத்தது. 1960-இல் தஞ்சாவூர் தீவிர வேளாண்மைத் திட்ட மாவட்டமாயிற்று. சில ஆண்டுகளில் குறுவைக்கு ஆடுதுறை 27 நெல் பரவியது. குறுவை, தாளடி என்று இரு போகம் ஆனதும் நாற்றுப் பறிப்பு, நடவு, களை, அறுப்பு எல்லாம் வருஷத்துக்கு இரண்டு தடவை. இவற்றில் நடவும் களையும் முழுக்கப் பெண்களுடைய வேலை. வரப்போரத்துப் பூவரசங்கிளையில் பழம்புடவையால் கட்டிய தூளி, காவலுக்கு ஏழெட்டு வயது அக்கா, தூக்குச்சட்டியில் நீராகாரம். தாய் கரையேறிப் பால் கொடுக்க வருவது ஒருமுறையோ இருமுறையோ. மிச்ச நேரத்துக்கு அந்தச் சட்டிதான். நடவு முடிவதற்குள் வேப்பெண்ணெய் தடவிப் பால் மறக்கடித்த வீடுகளும் உண்டு.

சட்டிக்குள் இருந்ததில் சோறு குறைவு, நீர் அதிகம். குழந்தையின் இரைப்பை சிறியது. நீர்த்த கஞ்சியால் வயிறு நிறையும், உடம்பு நிறையாது. ஊட்டச்சத்து ஆய்வாளர் சி. கோபாலன் 1950-களில் குன்னூரில் ஏழைத் தாய்மாரை ஆராய்ந்தார். அரைவயிற்றோடு வாழ்ந்தவர்களும் நாளுக்கு 400 முதல் 600 மில்லி வரை பால் சுரந்தார்கள். ஆனால் அரையாண்டுக்குப் பின் அது மட்டும் பிள்ளைக்குப் போதவில்லை. உலகம் புரதப் பஞ்சம் என்று பேசிய நாட்களில், இங்குள்ள பிள்ளைகளுக்குக் குறைவது முதலில் வயிற்றுக்குச் சோறுதான், புரதம் அல்ல என்று அவர் வாதிட்டார். பின்னாளில் மைசூர் உணவு ஆய்வு நிலையம் ஆராய்ந்த முளைகட்டிய தானிய மாவு இதற்கொரு வழி. முளைக்கும் தானியம் மாவுச்சத்தை உடைப்பதால் கூழ் கெட்டியாகாது. அதே கிண்ணத்தில் கூடுதல் மாவு சேர்க்கலாம். கேழ்வரகை ஊறவைத்து, முளைகட்டி, ஆட்டுரலில் அரைத்து, வேட்டித் துணியில் பிழிந்து, அந்தப் பாலை அடிபிடிக்காமல் துழாவிக் காய்ச்சும் நம் வீட்டுக் கூழ் இதன் நெருங்கிய உறவு. ஆனால் அரைக்கவும் பிழியவும் ஒரு காலைப்பொழுது வேண்டும். நடவுக்காரிக்கு அது கிடையாது.

டப்பாப் பாலை இங்கே விரித்துப் பேசப்போவதில்லை. கொழுத்த குழந்தைப் படம் போட்ட தகரம் நகரத்து நடுத்தர வீடுகளின் ஆசை. ஏழை வீட்டில் அதை ஏகமாய் நீர்த்துக் கரைத்ததுதான் கேடு. 1992-இன் சட்டம் அதன் விளம்பரத்துக்குத் தடை போட்டது.

அரசு எந்த வயதைப் பார்த்தது என்பதே முக்கியம். 1973-இல் வெளியான தமிழ்நாடு ஊட்டச்சத்து ஆய்வு, பால் மறக்கும் பருவத்துப் பிள்ளைகளைச் சுட்டிக்காட்டியது. அதன் விளைவாக 1980-இல் உலக வங்கி உதவியுடன் ஒருங்கிணைந்த ஊட்டச்சத்துத் திட்டம் வந்தது. முன்னோட்டம் மதுரை மாவட்டத்துக் கொட்டாம்பட்டி ஒன்றியத்தில். ஆறு மாதம் முதல் மூன்று வயது வரையுள்ள பிள்ளைகளை மாதந்தோறும் நிறுத்து, எடை ஏறாதவர்களுக்கு மட்டும் மூன்று மாதம் சத்துருண்டை. எடைக்கருவியின் கொக்கியில் தொங்கிய துணி, அசப்பில் வரப்போரத் தூளியேதான். கூடவே ஒரு முள். சவலை என்று ஊர் சொல்வதற்குப் பல மாதம் முன்பே அந்த முள் சொல்லிவிடும். திட்டம் உணவுப் பற்றாக்குறை மாவட்டங்களிலிருந்தே தொடங்கியது. நெற்களஞ்சியம் என்று பேர்பெற்ற ஊருக்கு அப்படிப்பட்ட வரிசையில் முன்னிடம் எப்படிக் கிடைக்கும்?

1982 ஜூலை 1 அன்று திருச்சி மாவட்டம் பாப்பாக்குறிச்சியில் எம்.ஜி.ஆர். தொடங்கிய சத்துணவு அதைவிடப் பெரிது, டெல்டாவின் கிராமங்களுக்கும் உடனே வந்தது. ஆனால் அது இரண்டு வயது நிறைந்தவர்களுக்கு. உட்கார்ந்து, தட்டில் போட்டதை அள்ளித் தின்னத் தெரிந்த பிள்ளைக்கான திட்டம் அது. ஊட்டிவிட ஆள் வேண்டிய பிள்ளை, தாயின் மடிக்கும் சத்துணவுத் தட்டுக்கும் நடுவே விழுந்தது. அந்தச் சமையலறைகளைக் குறைசொல்ல எனக்கு மனமில்லை. இருந்தாலும் அந்த வயதெல்லைக்கு இந்தப்புறம்தான் சவலை பிறக்கிறது.

இன்று அங்கன்வாடி தரும் சத்துமாவு அந்த இடைவெளிக்கானது. கோதுமை, முளைகட்டிய கேழ்வரகு, கடலை, வெல்லம். பாக்கெட் வீட்டுக்குப் போனதும் அது கொழுக்கட்டையாகி எல்லாருக்கும் பங்காகிறது, சில வீடுகளில் மாட்டுக்கும். கூழாகப் பிள்ளைக்கு மட்டும் நாளைக்கு மூன்று நான்கு தடவை கிண்டிக் கொடுக்க வீட்டில் யார் இருக்கிறார்கள்? நடவு இயந்திரம் வந்தபின் வயலில் பெண்களின் வேலை குறைந்தது; தூளி நூறு நாள் வேலை நடக்கும் வாய்க்கால் கரைக்கு மாறியது. 2005-இன் ஊரக வேலை உறுதிச் சட்டம் இதை ஓரளவு நினைத்துப் பார்த்தது: வேலையிடத்தில் ஆறு வயதுக்குட்பட்ட பிள்ளைகள் ஐந்து பேரோ அதற்கு மேலோ இருந்தால், அவர்களைப் பார்த்துக்கொள்ள ஒரு பெண்ணை அமர்த்த வேண்டும், அவளுக்கும் கூலி உண்டு என்று அது சொன்னது. அவள் கையில் கிண்ணமும் கரண்டியும் கொடுக்க வேண்டும் என்று அந்த விதி சொல்லவில்லை.