யாருடைய முழம்?



திருவொற்றியூர் கோயில் வாசலில் பூ விற்கும் அம்மா தம் முழங்கையால்தான் பூவை அளக்கிறார். வாங்க வந்தவர், "உங்க கை சின்னதா இருக்கேம்மா, இன்னும் ரெண்டு கண்ணி விடுங்க" என்கிறார். இந்தச் சின்னப் பேச்சுக்குள் அளவுகளின் நீண்ட வரலாறே அடங்கியிருக்கிறது.

நம் முன்னோர் உடலைக்கொண்டே நீளத்தை அளந்தார்கள். 12 விரல் ஒரு சாண். 2 சாண் ஒரு முழம். 4 முழம் ஒரு பாகம். இரண்டு கைகளையும் விரித்தால் வரும் நீளமே பாகம். ஈயக்குண்டு கட்டிய கயிற்றைக் கடலில் இறக்கி, இழுக்கும்போது கைவிரிப்பாக எண்ணினால் ஆழம் தெரிந்துவிடும். ஆங்கிலேய மாலுமிகளின் 'பாதம்' என்ற அளவும் இதேதான்: 6 அடி, அதாவது 1.83 மீட்டர்.

புனித பவுல் சென்ற கப்பல் புயலில் சிக்கிய கதையைத் திருத்தூதர் பணிகள் 27-ஆம் அதிகாரத்தில் வாசிக்கிறோம். நள்ளிரவில் மாலுமிகள் ஆழம் பார்த்தார்கள், 20 பாகம். சற்று தூரம் போய் மீண்டும் பார்த்தார்கள், 15 பாகம். நம் கணக்கில் ஏறக்குறைய 37 மீட்டர், பிறகு 27 மீட்டர். பாறையில் மோதிவிடுவோம் என்று அஞ்சி உடனே நங்கூரம் பாய்ச்சினார்கள். எண்ணைவிட, எண் குறைந்ததுதான் அவர்களை எச்சரித்தது. ஒரே கை இரண்டு முறை அளந்தால் அந்த எச்சரிக்கை பொய்க்காது.

கை மாறும்போதுதான் சிக்கல். 6 அடி கைவிரிப்பு உள்ளவருக்கு 20 பாகம் என்பது 120 அடி. ஐந்தரை அடி உள்ளவருக்கு அது 110 அடிதான். இடையே 10 அடி, அதாவது 3 மீட்டர். அடியில் பாறை இருந்தால் வலை கிழிய அது போதும். ஆகவே, பழைய அளவை மீட்டராக மாற்றும்போது பெருக்கத் தெரிந்தால் மட்டும் போதாது. 'இது யாருடைய கை?' என்றும் கேட்க வேண்டும்.

இதனால்தான் அரசுகள் பொதுவான கோலைத் தேடின. இராஜராஜ சோழன் காலத்தில் 16 சாண் கோலால் நிலம் அளந்தார்கள். கோலின் நீளத்தைக் கோயில் சுவரில் வெட்டிவைத்த ஊர்களும் உண்டு. சந்தேகம் வந்தால் குடியானவரும் போய்ப் பார்த்துக்கொள்ளலாம். 1802-இல் பரங்கிமலை அருகே லாம்ப்டன் 100 அடி எஃகுச் சங்கிலியால் நில அளவையைத் தொடங்கியபோது, வெயிலில் சங்கிலி நீள்வதைக்கூடக் கணக்கில் சேர்த்தார். 1856-இல் நம் இராயபுரத்திலிருந்து இரயில் புறப்பட்டது. தண்டவாளங்களின் இடைவெளி ஐந்தரை அடி. இன்றும் அகல இரயில்பாதையின் இடைவெளி அதேதான். பெயர் மட்டும் 1676 மில்லிமீட்டர்.

1956-ஆம் ஆண்டுச் சட்டத்தால் மெட்ரிக் முறை நம் கடைத்தெருவுக்கு வந்தது. ஒரு கெஜம் 91 சென்டிமீட்டர், மீட்டரோ 100. மீட்டருக்கு விலை வாங்கிக்கொண்டு கெஜக்கோலால் துணி அளந்தால், ஏழையின் சட்டையில் 9 சென்டிமீட்டர் திருடுபோகிறது.

கடலிலும் அப்படியே. தரை மைல் 1609 மீட்டர். கடல் மைல் 1852 மீட்டர். 1983-இல் தமிழ்நாட்டு மீன்பிடி ஒழுங்குமுறைச் சட்டம் வந்தபோது, கரையிலிருந்து 3 கடல் மைலுக்குள் விசைப்படகு மீன்பிடிக்கக் கூடாது என்று வகுத்தது. அதைத் தரை மைலாக எண்ணினால் 700 மீட்டருக்கும் மேல் குறைந்துவிடும். அது கட்டுமரக்காரர் வலைபோடும் கடல்; அவர் வீட்டு அடுப்பு எரிவது அந்த 700 மீட்டரிலும்தான்.

நீளத்தை அளப்பதில் அநீதி செய்யாதீர்கள் என்பது லேவியர் 19:35 தரும் கட்டளை. தராசுக்கு முன்பாகவே அங்கே நீள அளவு சொல்லப்படுகிறது. விற்கும்போது ஒரு முழமும் வாங்கும்போது வேறொரு முழமும் நம்மிடம் வேண்டாம். பூக்கார அம்மாவிடம் இரண்டு கண்ணி கூடக் கேட்கும் நாம், நம் கடையிலும் வேலையிலும் பிறருக்கு அளக்கும் கை எவ்வளவு நீளம் என்று இன்று பார்த்துக்கொள்வோம்.