உங்கள் கொள்ளுத்தாத்தாவின் பெயர் திருவனந்தபுரத்தில் இருக்கிறதா? குமரி, செங்கோட்டைக் குடும்பங்கள் வேர் தேடுவது எப்படி?

உங்கள் பூர்வீகம் நாகர்கோவில், தக்கலை, குளச்சல், செங்கோட்டை பக்கமா? குடும்பத்தின் பழைய கதையைத் தேட சென்னை எழும்பூரில் உள்ள தமிழ்நாடு ஆவணக் காப்பகத்துக்குப் போகலாம் என்று நினைத்திருந்தால், கொஞ்சம் பொறுங்கள். நீங்கள் தேடுவதில் முக்கியமான பகுதி அங்கே கிடைக்காமல் போகலாம்.

1956 நவம்பர் 1-ம் தேதிதான் தோவாளை, அகஸ்தீஸ்வரம், கல்குளம், விளவங்கோடு ஆகிய 4 தாலுகாக்கள் அன்றைய மதராஸ் மாநிலத்தோடு இணைந்து கன்னியாகுமரி மாவட்டம் ஆயின. செங்கோட்டையின் ஒரு பகுதியும் அப்போதுதான் வந்தது. அதற்கு முன்பு தலைநகரம் திருவனந்தபுரம். ஆக, உங்கள் கொள்ளுத்தாத்தா அரசுக்கு மனு போட்டிருந்தாலோ, திருவிதாங்கூர் சர்க்காரில் வேலை பார்த்திருந்தாலோ அந்தக் கோப்பு போய்ச் சேர்ந்த இடம் அதுதான்.

தேடலின் முதல் கேள்வி "நாம இப்போ எந்த ஊர்?" என்பதல்ல. "அந்தக் காகிதம் எழுதப்பட்டபோது அந்த ஊர் யாருடைய ஆட்சியில் இருந்தது?" என்பதுதான்.

முதல் வேலை: போட்டோவோடு பாட்டியிடம் போங்கள்

காப்பகக் கோப்பு அடுத்த வருடமும் இருக்கும். போட்டோவில் இருப்பவர்களின் பெயர் தெரிந்த பெரியவர் இருப்பாரா என்று சொல்ல முடியாது. அதனால் வரிசை முக்கியம்.

போட்டோவின் இரண்டு பக்கத்தையும் 600 டிபிஐ-யில் ஸ்கேன் செய்யுங்கள். அட்டையின் அடியிலோ பின்னாலோ ஸ்டூடியோ பெயர், ஊர், தேதி இருக்கலாம். சட்டத்தில் கண்ணாடியோடு ஒட்டிப்போன படத்தை உரிக்காதீர்கள், அப்படியே படம் எடுங்கள். லேமினேஷன் வேண்டாம். பின்பக்கம் பேனாவால் எழுதவும் வேண்டாம்.

பெரியவர்களிடம் "இது எந்த வருஷம்?" என்று கேட்டால் பதில் வராது. "இணைப்புக்கு முன்னாலயா, பின்னாலயா? உங்க கல்யாணத்துக்கு முன்னாலயா?" என்று கேளுங்கள். "99-ல வெள்ளம் வந்தப்போ" என்று ஆரம்பித்தால் குழம்ப வேண்டாம். அது கொல்லம் 1099, அதாவது 1924-ம் ஆண்டுப் பெருவெள்ளம். அவர்கள் பேசுவதை போனில் பதிவு செய்துகொள்ளுங்கள்.

ஒரு எச்சரிக்கை: அந்தக் காலத்து ஸ்டூடியோக்களில் கோட்டு, நாற்காலி, திரைச்சீலை எல்லாம் வாடிக்கையாளர்களுக்காக வைத்திருப்பார்கள். கோட்டைப் பார்த்து "நம்ம தாத்தா பெரிய பணக்காரர்" என்று முடிவு கட்டிவிடாதீர்கள்.

எங்கே போவது?

கேரள ஆவணக் காப்பகத் துறையின் மத்தியக் காப்பகம் திருவனந்தபுரம் கோட்டைப் பகுதியில் இருக்கிறது. பத்மநாபசுவாமி கோயில் நிர்வாகத்தைச் சொல்லும் 'மதிலகம்' ஓலைச் சுருணைகளுக்குப் பெயர்போன இடம். 2022 டிசம்பரில் இங்கே ஓலைச்சுவடி அருங்காட்சியகமும் திறக்கப்பட்டது. ஆய்வு செய்ய எப்படி விண்ணப்பிப்பது, என்ன அடையாளச் சான்று வேண்டும் என்பதை முன்கூட்டியே கேட்டுவிட்டுப் போங்கள். "எங்க குடும்பத்தைப் பத்தி ஏதாவது இருக்கா?" என்று கேட்டால் யாராலும் உதவ முடியாது. பெயர், ஊர், தோராயமான ஆண்டு, என்ன விஷயம் என்ற நான்கும் கையில் இருக்க வேண்டும்.

சொத்துப் பத்திரங்களுக்கு அவ்வளவு தூரம் போக வேண்டியதில்லை. உள்ளூர் சார்பதிவாளர் அலுவலகத்தில் தொடங்குங்கள். நில வரிக் கணக்குகளுக்குத் தாலுகா அலுவலகத்தில் கேளுங்கள். திருவிதாங்கூரில் நிலங்களை அளந்து வரி நிர்ணயித்த பெரிய செட்டில்மென்ட் 1883-ல் தொடங்கி 1911 வரை நடந்தது. குடும்ப நிலத்தின் பழைய சர்வே எண் தெரிந்தால் தேடல் பாதி முடிந்த மாதிரி.

'கொல்லம் 1095' என்றால் எந்த ஆண்டு?

பழைய பத்திரங்களில் கொல்லம் ஆண்டுதான் இருக்கும். ஆண்டு ஆவணியில் (மலையாளத்தில் சிங்கம்) பிறக்கிறது. ஆவணி முதல் டிசம்பர் கடைசி வரையான தேதி என்றால் 824-ஐக் கூட்டுங்கள். ஜனவரி முதல் ஆடி முடிய என்றால் 825. கொல்லம் 1095 ஆவணி என்பது 1919. அதே 1095 சித்திரை என்பது 1920.

அடுத்த தடை எழுத்து. பத்திரம் தமிழிலோ மலையாளத்திலோ இருக்கலாம். இன்னும் பழைய ஓலை என்றால் வட்டெழுத்து, மலையாண்மை போன்ற எழுத்து வடிவங்கள் வரும். அதற்குப் பயிற்சி பெற்றவர் உதவி கட்டாயம் தேவை.

மூன்றாவது, வீட்டுப்பேர். "புத்தன்வீடு" என்று தேடினால் ஊருக்கு ஊர் கிடைக்கும். அன்று வருவாய் நிர்வாகத்தின் கடைசி அலகுக்குப் 'பகுதி' என்று பெயர். வீட்டுப்பேரோடு பகுதியின் பெயரையும் சேர்த்துத் தேடுங்கள்.

அப்பா பெயரில் இல்லையா? மாமா பெயரில் பாருங்கள்

பலர் முட்டி நிற்கும் இடம் இது. நாஞ்சில் நாட்டு வேளாளர்கள் உட்படப் பல சமூகங்களில் மருமக்கள்வழி முறை இருந்தது. சொத்து அப்பாவிடமிருந்து மகனுக்குப் போகாது. தாய்மாமனிடமிருந்து மருமகனுக்கு, அதாவது சகோதரியின் மகனுக்குப் போகும். குடும்பத் தலைவர் 'காரணவர்'. கவிமணி தேசிகவிநாயகம் பிள்ளை 'மருமக்கள்வழி மான்மியம்' எழுதி இந்த முறையைக் கிண்டல் செய்தார். 1926-ல் வந்த நாஞ்சில் நாட்டு வேளாளர் சட்டம்தான் மக்கள்வழிக்குப் பாதை போட்டது.

எனவே அதற்கு முந்தைய பத்திரத்தில் கொள்ளுத்தாத்தா பெயர் இல்லையென்றால் அவருக்குச் சொத்தே இல்லை என்று அர்த்தமில்லை. அவருடைய அம்மா யார், மாமன் யார் என்று கேளுங்கள். குரூப் போட்டோவில் நடு நாற்காலியில் இருப்பவர் அப்பாவாக இல்லாமல் மாமாவாக இருப்பதற்கும் இது காரணமாக இருக்கலாம்.

நிலமே இல்லாத குடும்பம் என்றால்?

நில ஆவணம் நிலம் வைத்திருந்தவரின் பெயரைத்தான் சொல்லும். திருவிதாங்கூரில் அடிமை முறை 1855-ல்தான் ஒழிந்தது. உழைத்தவர்களின் பெயர் பல கணக்குகளில் வரவே இல்லை. மக்கள்தொகைக் கணக்கெடுப்பு அறிக்கைகளும் எண்ணிக்கையைத்தான் தரும், உங்கள் வீட்டுப் பெயரை அல்ல.

இந்தக் குடும்பங்களுக்கு வேறு கதவுகள் உண்டு. பள்ளிச் சேர்க்கைப் பதிவேடு ஒன்று. கிறிஸ்தவக் குடும்பம் என்றால் ஆலயத்தின் ஞானஸ்நான, திருமண, அடக்கப் பதிவேடுகள் இன்னொன்று. மயிலாடி, நாகர்கோவில், நெய்யூர் பகுதிகளில் பணியாற்றிய லண்டன் மிஷனரி சங்கத்தின் ஆவணங்கள் லண்டன் பல்கலைக்கழகத்தின் சோவாஸ் நூலகத்தில் இருக்கின்றன. ஆனால் மிஷனரிகள் எடுத்த பல படங்களின் கீழே ஆளின் பெயர் இருக்காது, சாதிப் பெயர் மட்டும் இருக்கும். முகம் லண்டனில் இருக்கும். பெயர் உங்கள் ஊர்ப் பெரியவரின் நினைவில் மட்டும் இருக்கும்.

கிடைத்ததை என்ன செய்வது?

ஒவ்வொரு பெயருக்கும் எதிரே 'பத்திரத்தில் பார்த்தது', 'பாட்டி சொன்னது', 'என் ஊகம்' என மூன்றில் ஒன்றைக் குறித்துவையுங்கள். சொன்னதையும் ஊகித்ததையும் கலந்துவிட்டால் அடுத்த தலைமுறைக்கு அது வெறும் கதைதான். தத்து, இரண்டாவது திருமணம், கடன் போன்ற விஷயங்களும் வெளியே வரலாம். உயிரோடு இருப்பவர்களைப் பற்றிய எதையும் ஃபேமிலி வாட்ஸ்அப் குரூப்பில் போடும் முன் அவர்களிடம் ஒரு வார்த்தை கேளுங்கள்.

காப்பகத்துக்கு லீவு போட்டுத்தான் போக முடியும். போட்டோவைக் காட்டிப் பெயர் கேட்க, இந்த ஞாயிற்றுக்கிழமை ஒரு வீடியோ கால் போதும்.