துண்டு

மலையகத் தோட்டங்களின் வரலாற்றைத் துரைமார் எழுதிவைத்திருக்கிறார்கள். காப்பி வந்த கதை, 1867-ல் லூல்கந்தராவில் ஜேம்ஸ் டெய்லர் தேயிலை போட்ட கதை, 1869-ல் தொடங்கிய இலைநோயில் காப்பி அழிந்த கதை எல்லாம் அதில் உண்டு. பிறகு நம்மவர்களும் எழுதினார்கள். அதில் 'தமிழர்' வருவார்கள், 'பாட்டாளி' வருவார்கள். பறையர், பள்ளர், சக்கிலியர் என்ற பெயர்கள் அபூர்வமாகத்தான் வரும். மன்னார்க் கரையில் கால் வைத்ததும் சாதி கடலோடு போய்விட்டது என்கிற மாதிரி ஒரு எழுத்து.

சாதி போகவில்லை. சாதியால்தான் அவர்கள் போனார்கள்.

திருச்சி, தஞ்சாவூர், சேலம், மதுரை, ராமநாதபுரம், புதுக்கோட்டைப் பக்கங்களிலிருந்து போனவர்களில் பெரும்பகுதி சேரி சனம். சொந்தமாக ஒரு குழி நிலம் கிடையாது. பண்ணையில் பட்ட கடனுக்குப் பிள்ளை குட்டியோடு ஆள்பட்டுக் கிடந்தவர்கள். 1876-78 தாது வருஷப் பஞ்சத்தில் முதலில் செத்ததும் அவர்கள்தான். அந்த நேரத்தில் கங்காணி ஊருக்குள் வந்து முன்பணம் நீட்டினான். வாங்காமல் என்ன செய்வது? இங்கே ஆண்டை கடன், அங்கே கங்காணி கடன். கடன்காரன் மாறினானே தவிர கடன் மாறவில்லை.

மன்னாரிலிருந்து மாத்தளை வரை காட்டுவழி நடை. காலராவிலும் காய்ச்சலிலும் வழியில் விழுந்தவர்களுக்குக் கணக்கு இல்லை. ஆனால் அவர்களுக்கான வழிச்செலவுக்குக் கணக்கு இருந்தது. அரிசி, கம்பளி, பயணச் செலவு எல்லாம் கங்காணியின் ஏட்டில் ஏறியது. ஒவ்வொரு ஆளும் வேலைக்கு இறங்கும் நாளுக்கு இவ்வளவு என்று கங்காணிக்குத் தனியாகத் தலைக்காசு வேறு.

இந்த ஏற்பாட்டில்தான் 'துண்டு' வருகிறது. ஒரு தோட்டத்திலிருந்து இன்னொரு தோட்டத்துக்குப் போகவேண்டும் என்றால் துரை ஒரு துண்டுக் காகிதம் கொடுப்பான். இந்தக் கூட்டத்துக்கு இவ்வளவு கடன், அதைக் கட்டுகிறவன் ஆட்களை எடுத்துக்கொள்ளலாம் என்பது அதன் சாரம். புதுத் துரை கடனைக் கட்டுவான், அந்தக் கடன் திரும்பவும் ஆள் தலையில் விழும். மாட்டுச் சந்தையில் மாடு கைமாறுகிறபோதுகூட மாட்டின் தலையில் கடன் ஏற்றுவதில்லை. துண்டு முறை 1921-ல் சட்டப்படி ஒழிக்கப்பட்டது. ஏறக்குறைய நூறு வருஷம் கழித்து.

லயத்துக்குள் வாருங்கள். விடியலில் தப்பு அடித்தால் பெரட்டுக்கு ஓட வேண்டும். தப்படிக்கிறவன் யார்? ஊரில் அடித்தவன்தான். தோட்டத்துக் கக்கூசு அள்ளும் 'வாசக்கூட்டி' யார்? ஊரில் அதே வேலைக்குத் தள்ளப்பட்டவன்தான். சாதிக்கு ஒரு லயம் என்று பிரித்துக் குடிவைத்தார்கள். பெரிய கங்காணிகளில் பலர் குடியானச் சாதிக்காரர்கள். வெள்ளைக்காரனுக்கு இது தோதாக இருந்தது. சேரியை அவன் உண்டாக்கவில்லை. இங்கிருந்தே கொண்டுபோய்த் தகரக் கூரை போட்டுக்கொடுத்தான்.

1947 தேர்தலில் இலங்கை இந்தியன் காங்கிரசிலிருந்து ஏழு பேர் பாராளுமன்றம் போனார்கள். தோட்டத்துச் சனத்தின் ஓட்டுக்கு என்ன பலம் என்று அப்போது தெரிந்துபோனது. அடுத்த வருஷமே, 1948-ன் 18-ஆம் இலக்கச் சட்டம் வந்தது. அப்பன் பிறந்த இடத்துக்கும் பாட்டன் பிறந்த இடத்துக்கும் காகிதம் காட்டு என்றார்கள். லயத்தில் பிறந்த பிள்ளைக்குப் பிறப்புச் சான்று எழுதிவைத்தது யார்? துரையின் செக்ரோலில் அன்றைய பேர் இருக்கும், அவ்வளவுதான். 1949 சட்டத்தின் கீழ் எட்டு லட்சம் பேருக்கு மேல் விண்ணப்பித்தார்கள். பிரஜாவுரிமை கிடைத்தது ஒன்றரை லட்சத்துக்கும் குறைவானவர்களுக்கு. தேயிலை விற்ற பணத்தில் சுதந்திர இலங்கை அரிசி வாங்கியது, பள்ளிக்கூடம் கட்டியது. அந்தத் தேயிலையைக் கிள்ளியவள் நாடற்றவள் ஆனாள்.

1964 அக்டோபர் 30. சிறிமாவும் சாஸ்திரியும் கையெழுத்துப் போட்டார்கள். 9,75,000 பேர். இந்தியாவுக்கு 5,25,000, இலங்கைக்கு 3,00,000, மிச்சம் 1,50,000 பேரைப் பிறகு பார்த்துக்கொள்ளலாம் என்று வைத்தார்கள். 1974-ல் அந்த மிச்சத்தையும் ஆளுக்குப் பாதி, 75,000 என்று பிரித்தார்கள். 'உனக்கு எங்க இருக்கணும்?' என்று எந்த லயத்திலும் போய்க் கேட்கவில்லை. ஒரே காம்பராவில் அண்ணனுக்கு இந்தியப் பாஸ்போர்ட், தங்கைக்கு இலங்கைப் பிரஜாவுரிமை. மலையிலிருந்து இறங்கிய ரயிலுக்குச் சனம் 'ஒப்பாரிக் கோச்சி' என்று பேர் வைத்தது.

வந்து இறங்கிய இடங்களில் ஒன்று மண்டபம் முகாம். ஒரு காலத்தில் தோட்டத்துக்கு ஆள் அனுப்புமுன் நோய் பார்க்க அடைத்துவைத்த அதே முகாம். நான்கு லட்சத்துக்கு மேற்பட்டவர்கள் வந்தார்கள். நீலகிரியில் 1968-ல் இவர்களுக்காக அரசு தேயிலைத் திட்டம் தொடங்கியது, அதுதான் பிறகு டேன்டீ ஆனது. கேரளத்திலும் கர்நாடகத்திலும் ரப்பர் தோட்டங்களுக்குக் கொஞ்சம் பேர். ஆந்திரத்தில் நூற்பாலைகளுக்குக் கொஞ்சம் பேர். அங்கே 'கள்ளத்தோணி' என்று ஏசப்பட்டவர்கள் இங்கே 'சிலோன்காரங்க' ஆனார்கள்.

இங்கேதான் இன்னொரு துண்டு. பிள்ளைக்குச் சாதிச் சான்றிதழ் வேண்டும். அப்பா, தாத்தாவுக்கு இந்த ஊரில் என்ன ஆதாரம் என்று அலுவலகத்தில் கேட்கிறார்கள். பாட்டன் போன ஊர்ப் பேரே மறந்த குடும்பங்கள் உண்டு. சாதி தெரியாமலா இருக்கிறது? வாடகைக்கு வீடு கேட்டால் தெருக்காரனுக்குத் தெரிகிறது. டீக்கடைக்காரனுக்குத் தெரிகிறது. தாலுகா ஆபீசுக்கு மட்டும் தெரியவில்லை. இழிவுபடுத்தக் காகிதம் தேவையில்லை. உரிமை கொடுக்கத்தான் காகிதம் தேவைப்படுகிறது. படிப்பை அங்கேயே விட்ட பிள்ளைகள் எத்தனை என்று யாராவது கணக்கு எடுத்தால் நல்லது.

அங்கே தங்கியவர்கள் கதை? தோட்டங்களை 1972-லும் 1975-லும் அரசு எடுத்தது. நிலச்சீர்திருத்தம் என்று பேர். உழைத்தவனுக்கு நிலம் வரவில்லை, 1973-74-ல் பட்டினிச் சாவுதான் வந்தது. 1977 மே மாதம் டெவன் தோட்டத்தில் நிலத்தைப் பறிக்காதே என்று நின்ற சிவனு லெட்சுமணன் போலீஸ் குண்டுக்குப் பலியானார். அந்த ஆண்டிலும் 1981-லும் 1983-லும் லயங்களுக்குத் தீ வைத்தார்கள். 1992-ல் நிர்வாகம் திரும்பக் கம்பெனிகளிடம் போனது. பிரஜாவுரிமைக் கணக்கு முழுசாகத் தீர 2003-ஆம் ஆண்டுச் சட்டம் வரை ஆனது. 1948-லிருந்து 55 வருஷம்.

2015-ல் நாளுக்கு 1,000 ரூபாய் கேட்டார்கள். 2021-ல் கிடைத்தது. 2022-ல் இலங்கை ரூபாய் சரிந்து விழுந்தபோது, ஐந்து டாலர் பெறுமதியாக இருந்த அந்த 1,000 ரூபாய் மூன்று டாலருக்கும் கீழே போய்விட்டது. அன்றைக்குரிய கொழுந்து சேராவிட்டால் அதுவும் முழுசாக இல்லை, 'அரைப்பேர்'. நாடு நெருக்கடியில் இருக்கிறது, பொறுத்துக்கொள் என்பார்கள். நாட்டுக்கு எப்போது நெருக்கடி வந்தாலும் பொறுத்துக்கொள்ளச் சொல்வது ஒரே ஆளைத்தான். தேயிலை வருஷத்துக்கு நூறு கோடி டாலருக்கு மேல் கொண்டுவருகிறது. வளரும் நாடு, ஏழை நாடு என்று பேசுகிறவர்கள் அந்த நாட்டுக்குள் யார் ஏழை, யாரை ஏழையாக வைத்து நாடு வளர்ந்தது என்றும் பேச வேண்டும்.

2023-ல் தலைமன்னாரிலிருந்து மாத்தளைக்கு மலையகச் சனம் நடந்தது. 1823-ல் தொடங்கியதற்கு இருநூறு ஆண்டு. பாட்டன் பூட்டன் நடந்த அதே வழி. 2015-க்குப் பிறகு சிலருக்கு ஏழு பேர்ச் காணியில் தனிவீடு கிடைத்திருக்கிறது. மற்றவர்கள் கேட்பதும் அதுதான்: வீட்டுக்கு நிலம், அந்த நிலத்துக்கு உறுதிப் பத்திரம். நீலகிரியிலும் இதே கேள்விதான். டேன்டீ நிலத்தில் ஒரு பகுதியை வனத்துறைக்குத் திருப்பிக்கொடுக்க 2022-ல் அரசு முடிவு செய்தபோது லயங்களில் கேட்டார்கள்: 'மறுபடியும் எங்கள எங்க அனுப்பப் போறீங்க?'

தமிழ்நாட்டில் பஞ்சமி நிலத்துக்காகப் போராடுகிற நாம் இதைத் தனிக் கதையாகப் பார்க்கக் கூடாது. சேரியிலிருந்து நிலமில்லாமல் போனவர்கள் இருநூறு வருஷம் உழைத்தும் நிலமில்லாமல் நிற்கிறார்கள். துண்டு கொடுத்தார்கள், பாஸ்போர்ட் கொடுத்தார்கள், பிரஜாவுரிமைச் சான்றிதழும் கடைசியில் கொடுத்தார்கள். பெரும்பாலானவர்களுக்கு இன்னும் கொடுக்காதது காணி உறுதி. அந்தக் காகிதத்தில்தான் அவர்கள் பேர் முதன்முதலாகச் சொந்தக்காரன் என்று எழுதப்படும்.