லெ கோர்ட் வாசிகள்

இங்கிலாந்தின் தென்பகுதியில், ஹாம்ப்ஷயர் வட்டாரத்தில், லிஸ் என்னும் ஊருக்கு அருகே லெ கோர்ட் என்றொரு பெரிய மாளிகை இருந்தது. உடற்குறை உடையவர்களின் உரிமையைக் குறித்து ஐக்கிய நாடுகள் சபை முதல் நம் உச்ச நீதிமன்றம் வரை இன்று நிகழும் விசாரணைகளுக்கெல்லாம் மூலமான எண்ணங்களுள் ஒன்று அவ்விடத்தில்தான் வேர்கொண்டது. அதை அங்கே விதைத்தவர்கள் சட்ட நிபுணர்களோ சமூக சாஸ்திரப் பேராசிரியர்களோ அல்லர். உடை உடுத்தவும் உணவு உண்ணவும் பிறர் கையை எதிர்பார்த்து, கட்டிலிலும் சக்கர நாற்காலியிலும் வாழ்ந்துவந்த அவ்வில்லத்து வாசிகளே.

இரண்டாம் உலக யுத்தத்தில் பிரிட்டிஷ் விமானப்படையின் புகழ்மிக்க வீரர்களுள் ஒருவராக விளங்கி, விக்டோரியா சிலுவை என்னும் உயரிய விருதைப் பெற்று, 1945 ஆகஸ்டு 9-ஆம் தேதி நாகசாகி நகரத்தின்மீது அணுகுண்டு வீழ்ந்ததைப் பிரிட்டனின் பிரதிநிதியாக வானத்திலிருந்து கண்ட லெனார்ட் செஷயர் என்பவர், யுத்தம் முடிந்தபின் அம்மாளிகையில் முன்னாள் படைவீரர்களுக்கென ஒரு கூட்டுவாழ்க்கைக் குடியிருப்பை நடத்திப் பார்த்தார். அது நிலைக்கவில்லை, கடனும் வெற்று வீடுமே எஞ்சின. அந்நிலையில், 1948-இல், அக்குடியிருப்பில் முன்பு வேலை பார்த்த ஆர்தர் டைக்ஸ் என்பவர் புற்றுநோயால் மரணத்தை எதிர்நோக்கி ஆஸ்பத்திரியில் கிடக்கிறார் என்றும், அவருக்குப் போக்கிடம் இல்லை என்றும் அறிந்த செஷயர், அவரைத் தம் வீட்டுக்கே அழைத்துவந்து, இறுதி மூச்சுவரை தம் கையாலேயே பணிவிடை செய்தார். அதைக் கேள்வியுற்றுப் பிற நோயாளிகளும் வரலாயினர். செஷயர் இல்லங்கள் என்று பின்னர் பல தேசங்களில் பரவிய ஸ்தாபனத்தின் ஆரம்பம் இதுவே. இனி நான் சொல்லப்போகும் வரலாற்றில் இந்த ஸ்தாபனம் பல இடங்களில் குற்றவாளிக் கூண்டில் நிற்பதுபோலத் தோன்றக்கூடுமாதலால், அதன் அடிக்கல் மெய்யான கருணைதான் என்பதை முன்னரே சொல்லிவிடுவது நியாயம்.

ஆனால் லெ கோர்ட்டுக்கு வந்துசேர்ந்தவர்கள் எல்லோரும் சாகக் கிடந்தவர்கள் அல்லர். இளம்பிள்ளை வாதத்தால் கைகால் விளங்காமற்போனவர்களும், தசை நலிவு நோயால் ஆண்டுக்காண்டு வலுவிழந்து வந்தவர்களும், ஆனால் புத்தியும் ஆசையும் சிறிதும் குறையாதவர்களுமான வாலிபர்கள் பலர் அங்கே வந்தனர். முதற்காலத்தில் பணியாளர் குறைவு, பணமும் குறைவு. ஆகையால் இயன்றவர்கள் இயன்ற வேலையைப் பகிர்ந்துகொண்டு, வீட்டு விவகாரங்களில் தாங்களும் வாய்திறந்து பேசி வாழ்ந்தனர். தங்களுக்கென ஒரு பத்திரிகை நடத்தினர்; பிற்பாடு சினிமாப் படம் எடுப்பதற்குக்கூட ஒரு குழு அமைத்தனர். இதற்கிடையே 1954-இல் புதிய கட்டிடம் எழுந்தது, ஸ்தாபனம் வளர்ந்தது, வளரவளர ஆஸ்பத்திரிகளின் சம்பிரதாயங்களும் உள்ளே நுழைந்தன. வசதி பெருகி, அதனோடு கூடவே சுதந்திரம் சுருங்கிய காலம் அது.

1956-இல், தம் பத்தொன்பதாம் வயதில், பால் ஹண்ட் அங்கே வந்தார். தசை நலிவு நோயால் சிறுபிராயம் முதலே ஆஸ்பத்திரி வார்டுகளில் வளர்ந்து, முதியோரும் மரணத்தறுவாயில் இருப்போரும் நிறைந்த தீராநோய்ப் பிரிவில் தள்ளப்பட்டு, அங்கிருந்து மீண்டுவந்தவருக்கு லெ கோர்ட் ஒரு விடுதலையாகவே தோன்றியிருக்க வேண்டும். ஆயினும் விரைவிலேயே அவரும் தோழர்களும் நிர்வாகத்தோடு மோத நேர்ந்தது. இரவில் எப்போது படுக்கச் செல்வது, விருந்தினரோடு ஒரு கோப்பை மது அருந்தலாமா கூடாதா, ஒருவரை ஒருவர் நேசிக்கும் ஆணும் பெண்ணும் தனித்திருக்கலாமா, வெளியே செல்வதென்றால் யாரிடமும் சொல்லாமல் செல்லலாமா என்பனவே அச்சண்டையின் விஷயங்கள்.

அற்ப விஷயங்கள் என்று இவற்றை ஒதுக்குபவர், தம் வாழ்நாளில் தம்மை வேறொருவர் தூக்கிப் படுக்க வைக்க வேண்டிய நிலையை ஒருபோதும் அறியாதவராகவே இருக்கக்கூடும். முப்பது வயது நிரம்பிய ஒரு மனிதன், மாலை மங்கியதும் பணியாளரின் வேலைநேரம் முடிகிறது என்ற காரணத்துக்காகக் கட்டிலில் கிடத்தப்பட்டு, விளக்கு அணைக்கப்பட்டு, விடியும்வரை கூரையைப் பார்த்துக் கிடக்கும்போது, அவனை அங்கே கிடத்தியது அவனுடைய தசைகளின் பலவீனமா, அல்லது பணியாளரின் நேரப்பட்டியலா என்ற கேள்வி எழாதிருக்குமா? தசை பலவீனந்தான், ஆனால் அது மாலையிலும் நள்ளிரவிலும் ஒரே அளவான பலவீனமே அன்றி, மாலையில் மிகுவதில்லை. உடலின் குறை ஒன்று, அக்குறையைக் காரணங்காட்டி மனிதர் செய்யும் ஏற்பாட்டினால் விளையும் முடக்கம் வேறொன்று என்னும் பேதம், சித்தாந்தமாக எழுதப்படுவதற்கு வெகுகாலம் முன்பே, இத்தகைய இராத்திரிகளில் அனுபவமாக அறியப்பட்டது என்பதே என் துணிபு.

1966-இல் ஹண்ட், உடற்குறை உடைய பன்னிருவர் எழுதிய கட்டுரைகளைத் தொகுத்து 'ஸ்டிக்மா' என்ற பெயரில் வெளியிட்டார். அக்காலத்தில் ஊனமுற்றோரைப் பற்றிய நூல் என்றால் மன உறுதியால் விதியை வென்ற வீரக் கதையாகவோ, கண்ணீர் வரவழைக்கும் சரித்திரமாகவோ இருப்பதே வழக்கம். ஹண்டின் கட்டுரையோ, துர்ப்பாக்கியவான்கள், பயனற்றவர்கள், வேறுபட்டவர்கள், நோயாளிகள் என்று தம்மைச் சமூகம் எவ்விதம் காண்கிறது என்று ஆராய்ந்ததோடு நில்லாமல், தாங்கள் ஒடுக்கப்பட்டவர்களும் ஆவோம் என்று சொன்னது. அந்த ஒரு சொல்லில் பிற்கால இயக்கம் முழுவதும் அடங்கியிருந்தது.

இதற்கிடையே வேறொரு நிகழ்ச்சி அவர்களுடைய மனத்தை நிரந்தரமாகக் கசக்கச் செய்தது. தங்கள் நிலைமையைப் பாரபட்சமற்ற அறிஞர்கள் வந்து ஆராய்ந்தால் நியாயம் வெளிப்படும் என்று நம்பிய லெ கோர்ட் வாசிகள், லண்டனிலிருந்த டாவிஸ்டாக் ஆராய்ச்சி நிலையத்தைத் தாங்களே நாடி வேண்டினார்கள். அரசாங்கப் பொருளுதவியுடன் எரிக் மில்லர், ஜெரால்டின் க்வின் என்னும் இருவர் வந்து ஆராய்ந்தனர். 1972-இல் அவர்களுடைய நூல் வெளிவந்தது. இத்தகைய இல்லங்களில் புகுபவர்களைச் சமூகம் இறந்தவர்களாகவே தீர்மானித்துவிட்டது என்றும், அந்தச் சமூக மரணத்துக்கும் சரீர மரணத்துக்கும் இடைப்பட்ட காலத்தைக் கடக்க உதவுவதே இல்லங்களின் கடமை என்றும் அந்நூல் கூறிற்று. நிலைமையை உள்ளபடி அறிந்தே அவர்கள் எழுதினர். ஆனால் அறிந்தபின், அந்தத் தீர்ப்பை எவ்விதம் ரத்துசெய்வது என்று கேட்பதை விடுத்து, அதைச் செவ்வனே நிறைவேற்றுவது எப்படி என்று யோசனை கூறினர். ஹண்டுக்குப் பொறுக்கவில்லை. பாதிக்கப்பட்டவனுக்கும் பாதிப்பவனுக்கும் நடுவில் சமநிலையாக நிற்பதாகச் சொல்லிக்கொள்ளும் ஆராய்ச்சியாளன் உண்மையில் பலவான் பக்கமே நிற்கிறான் என்று அவர் எழுதிய கடுமையான மறுப்பு, அவர் மறைந்த பின்னர் 1981-இல் அச்சேறியது. ஆராய்ச்சி என்னும் பெயரால் ஏழையின் குடிசையிலும் நோயாளியின் அறையிலும் நுழையும் எவரும் ஒருமுறை படித்தறிய வேண்டியது அது.

1970-இல் ஹண்ட் லெ கோர்ட்டை விட்டு வெளியேறி, அங்கே பணிசெய்த ஜூடி என்பவரை மணந்து லண்டனில் குடும்பம் நடத்தலானார். தாம் தப்பிவிட்டோம் என்று வாளாவிருக்கவில்லை. 1972 செப்டம்பர் 20-ஆம் தேதி 'கார்டியன்' பத்திரிகையில் அவருடைய கடிதம் ஒன்று வெளிவந்தது. இல்லங்களில் அடைபட்டு, தம் அபிப்பிராயத்துக்கு மதிப்பின்றி வாழ்வோர் ஒன்றுசேர்ந்து தம் கோரிக்கைகளைத் தாமே எழுப்ப முன்வரவேண்டும் என்பது அதன் சாரம். பதில்கள் வந்தன. வீட்டை விட்டு நகர இயலாதவர்களும், நிர்வாகிகளுக்கு அஞ்சியவர்களும் பலராக இருந்தமையால், அங்கத்தினர்க்குள் மட்டும் அந்தரங்கமாகச் சுற்றிவந்த கடிதங்களின் வாயிலாகவே நீண்ட காலம் விவாதம் நடைபெற்றது. அவ்விதம் உருவானதுதான் பிரித்துவைத்தலுக்கு எதிரான உடல் ஊனமுற்றோர் ஐக்கியம். 1974 டிசம்பர் 3-ஆம் தேதி அதன் கொள்கை அறிக்கை நிறைவேறியது.

பிரித்துவைத்தல் என்பதன் முழுப் பொருளையும் வேறொரு தேசத்தில் அனுபவித்து வந்த ஒருவர் அவ்வைக்கியத்தில் இருந்தார். விக் ஃபிங்கல்ஸ்டைன் தென்னாப்பிரிக்காவில், இளமையில் கோலூன்றித் தாண்டும்போது கழுத்தெலும்பு முறிந்து சக்கர நாற்காலியில் அமர்ந்தவர். நிறவெறி ஆட்சியை எதிர்த்ததற்காகச் சிறைப்பட்டு, விடுதலையானபின் தடையுத்தரவுக்கு உள்ளாகி, 1968-இல் பிரிட்டனுக்கு அகதியாக வந்தவர். கறுப்பு மனிதன் பூங்காவுக்குள் நுழைய முடியாததற்குக் காரணம் அவனுடைய தோல் அன்று, வாசலில் உள்ள சட்டமே என்பதைப் பிரத்தியட்சமாகக் கண்டவருக்கு, சக்கர நாற்காலி வாசலில் தடைபடுவதன் காரணத்தைக் கண்டறிய அதிகத் தூரம் செல்ல வேண்டியிருக்கவில்லை. 1975-இல் அவர் ஒரு கற்பனை ஊரை வருணித்தார். சக்கர நாற்காலியில் அமர்ந்தவர்களே தங்கள் வசதிப்படி கட்டி ஆளும் ஊர் அது. நிற்பவர் எவருமில்லாததால் கதவும் கூரையும் தாழ்வாகவே அமைந்தன. அங்கே குடியேறிய சிலர், நடந்து செல்பவர்கள், தலையில் இடித்துக்கொண்டு காயமுற்றனர். வைத்தியர்கள் அவர்களைப் பரீட்சித்து, குறைபாடுடையவர்கள் என்று தீர்மானித்து, தலைக்கவசம் கொடுத்தனர். வேலை கிடைக்காத அவர்களுக்காக நிதி திரட்டவும் தருமவான்கள் புறப்பட்டனர்.

1975 நவம்பர் 22-ஆம் தேதி இவ்வைக்கியத்தினர், சமூகவியல் அறிஞர் பீட்டர் டவுன்சென்ட் தலைமையிலான டிஸபிலிட்டி அலையன்ஸ் என்ற கூட்டணியைச் சந்தித்தனர். ஊனமுற்றோர் அனைவர்க்கும் நியாயமான உதவித்தொகை பெற்றுத்தருவதே அக்கூட்டணியின் நோக்கம். யார்தான் அதை ஆட்சேபிப்பர்? ஐக்கியத்தினர் ஆட்சேபித்தனர். தொகை வேண்டாம் என்பதன்று. ஒருவன் எவ்வளவு தூரம் குறைபட்டவன் என்பதை நிபுணர்கள் அளந்து, அளவுக்குத் தக்கபடி தொகை வழங்கும் முறை, அவனை என்றென்றைக்கும் தன் குறையை நிரூபித்துக்கொண்டே வாழும்படி செய்யும். வேலையையும் வீட்டையும் போக்குவரத்தையும் அவனுக்கு மூடிவைத்திருக்கும் சமூகமோ தொகையைக் கொடுத்துவிட்டுத் தன்னை மாற்றிக்கொள்ளாமல் இருந்துவிடும் என்பதே அவர்கள் வாதம். அன்றைய விவாதம் 1976-இல் 'அடிப்படைக் கோட்பாடுகள்' என்ற சிறு நூலாக வந்தது. உறுப்பின் குறையும் சமூகம் சுமத்தும் முடக்கமும் வெவ்வேறு என்பது அதில்தான் தெளிவாக வரையறுக்கப்பட்டது. 1979-இல், நாற்பத்திரண்டாம் வயதில், ஹண்ட் காலமானார். மைக்கேல் ஆலிவர் என்பவர் அக்கோட்பாட்டுக்குச் சமூக மாதிரி என்று 1983-இல் பெயர்சூட்டிப் பல்கலைக்கழகங்களுக்குக் கொண்டுசென்றதை அவர் காணவில்லை.

இக்கோட்பாட்டின்மீது பிற்காலத்தில் உள்ளிருந்தே ஆட்சேபம் எழுந்தது. ஜென்னி மாரிஸ், லிஸ் க்ரோ முதலிய பெண் எழுத்தாளர்கள், வலியையும் சோர்வையும் எந்தச் சாய்தளமும் நீக்கிவிடாது, அவற்றைப் பேசாமல் மறைப்பது பாதி உண்மையே என்றார்கள். அவர்கள் சொன்னது சரி என்றே கருதுகிறேன். ஆனால் வலியால் துடிப்பவனுக்கும் படிக்கட்டு படிக்கட்டுதான். ஒன்றை ஒப்புக்கொள்வதற்காக மற்றொன்றைக் கைவிட வேண்டியதில்லை.

கோட்பாடு ஒருபுறமிருக்க, லெ கோர்ட்டில் தங்கியவர்கள் என்ன செய்தார்கள்? ஜான் எவன்ஸ், ஃபிலிப் மேசன் முதலிய சிலர் 1979-இல் ஒரு கணக்குப் போட்டுப் பார்த்தார்கள். தங்களை இல்லத்தில் வைத்துக் காப்பதற்கென ஸ்தல நிர்வாகம் செலுத்தும் பணத்தைத் தங்களிடமே தந்தால், சொந்த வீட்டில் குடியிருந்து, வேண்டிய உதவியாளரைத் தாங்களே அமர்த்திக்கொள்ளலாம் அல்லவா? சர்வதேச ஊனமுற்றோர் ஆண்டாகிய 1981-ஐக் குறியாகக்கொண்டு இதற்குத் திட்டம் 81 என்று பெயரிட்டனர். குறுக்கே நின்றது 1948-ஆம் ஆண்டுச் சட்டம். ஸ்தல நிர்வாகங்கள் தனிமனிதர் கையில் ரொக்கம் கொடுப்பதற்கு அதில் இடமில்லை. ஆகவே பணம் இல்லத்தின் பெயரில் வந்து, இல்லத்தின் வழியாக, இல்லத்தை விட்டு வெளியேறியவர்களுக்குப் போய்ச் சேர்ந்தது! 1983-இல் எவன்ஸ் தம் சொந்த வீட்டில் குடிபுகுந்தார். உதவியாளரை நேர்முகம் கண்டு தேர்ந்தெடுப்பவரும், வேலைநேரத்தை வகுப்பவரும், ஆகவே தாம் உறங்கும் நேரத்தைத் தீர்மானிப்பவரும் அவரேயானார். நேரடியாகப் பணம் வழங்குவதற்கு அனுமதி தரும் சட்டம் 1996-இல்தான் பாராளுமன்றத்தில் நிறைவேறியது. அதுவும் முதலில் அறுபத்தைந்து வயதுக்கு உட்பட்டவர்களுக்கே பயன்பட்டது.

நம் தேசத்துக்கும் இதற்கும் நேரடியான சம்பந்தம் உண்டு. பிரிட்டனுக்கு வெளியே முதல் செஷயர் இல்லம் பம்பாயில், 1950-களின் நடுப்பகுதியில், தொடங்கப்பட்டது. இல்லம் அப்போதே வந்தது. இல்லத்து வாசிகளின் எண்ணம் வந்துசேர ஏறத்தாழ அரை நூற்றாண்டு ஆயிற்று. உடற்குறை உடையவர்களின் உரிமை குறித்து 2006-இல் ஐக்கிய நாடுகள் சபை ஏற்ற உடன்படிக்கையை இந்தியா 2007-இல் உறுதிசெய்து, அதற்கிணங்க 2016-இல் மாற்றுத்திறனாளிகள் உரிமைச் சட்டத்தை இயற்றியது. அதன் இலக்கணத்தில் நீண்டகாலக் குறையும் தடைகளும் ஒன்றோடொன்று மோதும்போதே முடக்கம் விளைகிறது என்ற கருத்து இடம்பெற்றிருக்கிறது. 1995-ஆம் ஆண்டுச் சட்டம் ஏழு வகைக் குறைகளை மட்டுமே அங்கீகரித்திருக்க, இது இருபத்தொன்றை அங்கீகரிக்கிறது. ஆயினும் இடஒதுக்கீடு முதலிய பல சலுகைகளுக்கு நாற்பது சதவீதம் என்று மருத்துவர் அளந்து கொடுக்கும் சான்றிதழ் இன்றும் அவசியமே. டவுன்சென்ட் குழுவினரிடம் ஐக்கியத்தினர் எதை எதிர்த்தார்களோ அது நம் அலுவலகங்களில் அன்றாட நடைமுறையாக இருக்கிறது. மனிதனை அளக்க ஏற்பாடு இருக்கிறதே, கட்டிடத்தை அளக்க என்ன ஏற்பாடு என்பது நியாயமான கேள்வி. பொதுக் கட்டிடங்களும் போக்குவரத்தும் எவ்விதம் அமையவேண்டும் என்ற தரங்கள், கட்டாயமாக இருக்கவேண்டியவை, வெறும் சிபாரிசுகளாக எழுதப்பட்டிருந்ததைக் கண்ட உச்ச நீதிமன்றம், 2024 நவம்பர் 8-ஆம் தேதி, ரஜீவ் ரத்தூரி என்பவர் தொடுத்த வழக்கில், அவ்வாறு எழுதிய விதி 2016-ஆம் ஆண்டுச் சட்டத்துக்கு முரண்பட்டது என்று தீர்ப்பளித்து, மீறமுடியாத தரங்களை மூன்று மாதத்துக்குள் வகுக்கும்படி மத்திய அரசுக்குக் கட்டளையிட்டது. வகுக்கும்போது மாற்றுத்திறனாளிகளையும் கலந்தாலோசிக்க வேண்டும் என்றும் சொன்னது.