பணியே ஆய்வாக: கோடைக்கானல் சூரிய ஆய்வகம்

தாம் வேலை பார்க்கும் இடத்தையே ஆய்வுப் பொருளாகக் கொண்டு முனைவர் பட்டத்துக்குப் பதிவு செய்வோர் இன்று உலகெங்கும் உள்ளனர். ஆசிரியர் தம் வகுப்பறையை ஆராய்கிறார். செவிலியர் தம் மருத்துவமனையை ஆராய்கிறார். தன் வீட்டுக் கணக்கைத் தானே தணிக்கை செய்யலாமா என்னும் ஐயமும் அவர்களைத் தொடர்கிறது. இவ்வையத்துக்குப் பழனிமலையில் ஒரு விடை உண்டு.

தாது வருடப் பஞ்சத்துக்குப் (1876-78) பின், சூரியக் கரும்புள்ளிகளுக்கும் பருவமழைக்கும் தொடர்புண்டா என்று அறிய அரசு விழைந்தது. அவ்விழைவின் பயனாய் எழுந்ததே கோடைக்கானல் ஆய்வகம். மிச்சி ஸ்மித் இடத்தைத் தேர்ந்தார். 1899-இல் சென்னை வானாய்வகத்தின் பணி மலையேறியது. கதிரவனை நாள்தோறும் நோக்கிப் பதிவு செய்வதே அங்கு வேலை. வெளியிலிருந்து பார்ப்போர்க்கு அது வெறும் அலுவலகக் கடமை.

1907-இல் அங்கு வந்த ஜான் எவர்ஷெட், முன்பு இங்கிலாந்தில் பிழைப்புக்கு வேறு தொழில் செய்துகொண்டே சூரியனை ஆராய்ந்தவர். சூரியப் படக் கருவியைத் தம் கைப்பட ஒழுங்குசெய்து, அன்றாட வேலையிலிருந்தே தம் கேள்வியை எடுத்தார். கரும்புள்ளி ஒரு சுழல் என்பதே அப்போதைய எண்ணம். அதில் காந்தப்புலம் உண்டென ஹேல் 1908-இல் அமெரிக்காவில் கண்டது அவ்வெண்ணத்தை வலுப்படுத்தியது. எவர்ஷெட்டும் சுழற்சியையே எதிர்பார்த்தார். 1909 சனவரி 5-இல் எடுத்த நிறமாலையோ வேறொன்று சொன்னது. சூரிய விளிம்பை நோக்கிய பக்கத்தில் கோடுகள் சிவப்புப் புறமும், நடுவை நோக்கிய பக்கத்தில் ஊதாப் புறமும் நகர்ந்திருந்தன. வாயு சுழலவில்லை, புள்ளியின் நடுவிலிருந்து வெளிநோக்கிப் பரப்பை ஒட்டிப் பாய்கிறது. எதிர்பார்ப்பை விட்டார், தட்டு காட்டியதை எழுதினார். 'எவர்ஷெட் விளைவு' என இன்றும் அது அவர் பெயரால் வழங்குகிறது.

தம் இடத்தையும் அவர் விட்டுவைக்கவில்லை. முதல் உலகப்போர்க் காலத்தில் காஷ்மீர் சென்று, அங்குள்ள காற்றின் தெளிவையும் ஆராய்ந்து பார்த்தார். அவருடைய துணைவியார் மேரி, கணவரோடு சூரியப் பிழம்புகளை ஆராய்ந்தவர். கவிஞர் தாந்தேயின் வானியலைப் பற்றி நூல் எழுதியவரும் அவரே. கவிஞர்கள் கூடும் நம் வட்டத்தில் அவர் பெயர் இன்னும் பேசப்பட வேண்டும்.

எவர்ஷெட் 1923-இல் ஓய்வு பெற்றார். நாட்படங்கள் நிற்கவில்லை. 1904-இல் தொடங்கிய அவ்வரிசை நூறாண்டைக் கடந்தது; அத்தட்டுகள் இப்போது கணினிப் பதிவுகளாகிப் பழைய சூரியச் சுழற்சிகளை ஆராய்வோர்க்குப் பயன்படுகின்றன. கூரையைத் திறந்து தட்டை மாற்றி, முகில் மறைத்த நாளில் அதையும் குறித்துவைத்த உதவியாளர்கள் பலருக்கு எப்பட்டமும் கிடைக்கவில்லை.