மேற்சேரியின் கோழி: சண்டையாளனை இழந்த ரசிகர்களின் துக்கம்

கல்வராயன் மலைக்கு வடக்கே தென்பெண்ணை ஓடுகிறது. சாத்தனூர் அணையைக் கடந்து திருக்கோவிலூர் வழியே கடலை நோக்கிப் போகும் இந்த ஆற்றின் இரு கரை நிலமும் நடுகற்கள் செறிந்த நிலம். செங்கம் பகுதிக் கற்களைத் தமிழ்நாடு அரசு தொல்லியல் துறை 1972-இல் நூலாக வெளியிட்டபின், நடுகல் என்றாலே ஆநிரை கவர்தலும் மீட்டலும் என்ற எண்ணம் ஆய்வுலகில் வேரூன்றிவிட்டது. ஊருக்காக உயிர் கொடுத்தவனுக்கு ஊர் செலுத்தும் நன்றிக்கடனே நடுகல் என்பது இந்த எண்ணத்தின் சாரம். பெரும்பாலான கற்களுக்கு இது பொருந்தவும் செய்கிறது. ஒரு கல்லுக்குப் பொருந்தவில்லை. அந்த ஒன்றை விதிவிலக்கு என்று ஒதுக்காமல், அதிலிருந்தே தொடங்கினால் வேறொரு வரலாறு கிடைக்கும் என்பது என் வாதம்.

விழுப்புரம் மாவட்டம் அரசலாபுரத்தில் உள்ள கல் அது. ஏறத்தாழ கி.பி. 5ஆம் நூற்றாண்டைச் சேர்ந்தது, எழுத்து வட்டெழுத்து. கல்லில் மனித உருவம் இல்லை. சண்டைக்கு நிற்கும் ஒரு சேவல் கோடுகளாகச் செதுக்கப்பட்டிருக்கிறது. முகையூரின் மேற்சேரிக்காகச் சண்டையிட்டு மாண்ட கோழி இது என்பதே அதிலுள்ள செய்தி. முகையூர் திருக்கோவிலூருக்கு அருகில் இன்றும் அதே பெயரில் இருக்கிறது. சேரி என்பது இங்கே ஊரின் ஒரு பகுதி. பிற்காலத்தில் அச்சொல்லின் மேல் ஏறிய பொருளை இதில் ஏற்றிப் படிக்கக் கூடாது. மதுராந்தகத்தை அடுத்த இந்தளூரிலும் இப்படி ஒரு கல் உண்டு. அது கீழ்ச்சேரியின் கோழிக்கு எடுக்கப்பட்டது; பொற்கொற்றி என்பதை அக்கோழியின் பெயராகவே கல்வெட்டறிஞர்கள் கொள்கிறார்கள். இரண்டும் தொலைவிலுள்ள ஊர்கள் என்பதால் முகையூர் மேற்சேரியும் இந்தளூர்க் கீழ்ச்சேரியும் ஒன்றையொன்று எதிர்த்தவை என்று கதை கட்ட முடியாது. ஊர் இரண்டு கட்சியாகப் பிரிந்து சேவல் மோதவிடும் வழக்கம் பரவலாக இருந்தது என்பது வரை சொல்லலாம்.

விலங்குகளுக்கு எடுத்த கற்கள் என்று இவற்றை எடுத்தனூர் நாய்க்கல்லோடு சேர்த்துப் பேசுவது வழக்கம். அந்தச் சேர்க்கை பிழையானது. எடுத்தனூர்க் கல் மகேந்திரவர்மனின் 34ஆம் ஆட்சியாண்டைக் குறிக்கிறது. கருந்தேவக்கத்தி என்னும் வீரன் இறந்தபின் அவனுடைய நாய் கோவிவன் கள்ளர் இருவரைக் கடித்துக் காத்து நின்றது என்கிறது. அங்கே அரசன் உண்டு, உடையவன் உண்டு, நாய் செய்த உதவியும் உண்டு. அது நன்றிக்கடன்தான், ஐயமில்லை. அரசலாபுரத்துக் கோழி யாருக்கு என்ன உதவி செய்தது? மாட்டை மீட்கவில்லை, திருடனைப் பிடிக்கவில்லை. வளர்த்தவன் பெயர் கல்லில் இல்லை, ஆண்ட அரசன் பெயரும் இல்லை. இருப்பவை இரண்டே: யார் பக்கம் நின்றது, என்ன செய்து செத்தது. பயன் எதுவும் தராத ஒரு சாவுக்காகக் கல் தேடி, உரு வெட்டி, எழுத்தறிந்தவனைக் கொண்டு எழுதவும் வைத்திருக்கிறார்கள். பார்த்தவர்களின் துக்கம் என்பதைத் தவிர இதற்கு வேறு பெயர் எனக்குத் தோன்றவில்லை.

கோழி என்பது ஒரு சாக்கு, உண்மையில் பெருமை வளர்த்தவனுக்கே என்று மறுக்கலாம். அப்படியானால் தன் பெயரை வெட்ட வாய்ப்பிருந்தும் அவன் ஏன் விட்டான்? பந்தயப் பொருளை இழந்த வருத்தம் என்றும் சொல்லலாம். ஆனால் பணம் போனதற்கு யாரும் கல் நட்டு வைப்பதில்லை.

இலக்கியத்தில் இந்தத் துக்கம் ஏன் கண்ணில் படவில்லை என்பது அடுத்த கேள்வி. பார்வையாளர்கள் சங்கப் பாடல்களில் இருக்கிறார்கள். போர்வைக் கோப்பெருநற்கிள்ளி ஆமூர் மல்லனைப் பொருது வீழ்த்தியதைச் சாத்தந்தையார் பாடினார். அதே கிள்ளியின் மற்போரைப் பற்றி நக்கண்ணையார் பாடிய புறநானூறு 85ஆம் பாட்டில் ஊரே இரண்டு பட்டு, வென்றான் என்று ஒரு சாராரும் இல்லையென்று மறுசாராரும் கூச்சலிடுகிறார்கள். ரசிகர் கூட்டத்தைப் பற்றி நமக்குக் கிடைக்கும் மிகப் பழைய சித்திரங்களுள் அது ஒன்று. தன் மனம் எந்தப் பக்கம் என்பதையும் அந்தப் புலவர் ஒளிக்கவில்லை. ஆனால் வீழ்ந்த மல்லனுக்குப் பெயர்கூடக் கிடைக்கவில்லை. ஆமூரில் அவனுக்காக அழுதவர்கள் இருந்திருப்பார்கள். அவர்களில் யாரும் புலவர் இல்லை, அவ்வளவுதான்.

இறந்தவரை எண்ணிப் புலம்பும் கையறுநிலைப் பாடல்கள் பாடுவது பெரும்பாலும் புரவலனின் இழப்பை. தம் புரவலன் பாரி இறந்தபின் புலவர் கபிலர் பெண்ணையாற்றுப் பாறையொன்றில் தீப்புகுந்தார் என்று திருக்கோவிலூர் வீரட்டானேசுவரர் கோயிலில் முதலாம் இராசராசன் காலக் கல்வெட்டு சொல்கிறது. ஆற்றின் நடுவே அந்தக் குன்று இன்றும் கபிலர் குன்று என்றே அழைக்கப்படுகிறது. ஒரு மனிதனின் சாவைத் தாங்க முடியாமல் இன்னொருவர் உயிர்விட்ட நினைவும், ஒரு சேவலின் சாவுக்குக் கல் எடுத்த நினைவும் ஒரே வட்டாரத்தில் கிடைப்பது எனக்கு வியப்பூட்டுகிறது. ஆயினும் கபிலர் பாரியோடு உண்டவர், பழகியவர், பாரியின் பெண்களைத் தம் பொறுப்பில் ஏற்றவர். ரசிகனுக்கு அந்த உறவு கிடையாது. அவன் தூரத்தில் நின்று பார்த்தவன். அவன் யாரென்று சண்டையாளனுக்குத் தெரியவே தெரியாது. கொடுக்கல் வாங்கல் இல்லாத இந்தத் துக்கத்துக்குச் செய்யுளில் இலக்கணம் அமையவில்லை. அதற்கு இடம் கொடுத்தது கல்.

அரசலாபுரத்துக் கல்லில் இன்னொன்றும் கவனிக்கத்தக்கது. கோழி வென்றதா, தோற்றதா என்று அது சொல்லவில்லை. சேவற்கட்டில் வென்ற சேவலும் காயத்தால் சாவதுண்டு. ஆகவே ஊகிக்க வழியில்லை. நக்கண்ணையார் பாட்டின் கூட்டம் அடித்துக்கொண்டது முடிவைப் பற்றித்தான். சாவு வந்ததும் அந்த முடிவு உதிர்ந்துவிடுகிறது.

இதைச் சோதித்துப் பார்க்க நம் காலத்திலேயே ஒரு சான்று உண்டு. முகமது அலி 1980-இல் சென்னைக்கு வந்து நேரு ஸ்டேடியத்தில் ஜிம்மி எல்லிஸுடன் கண்காட்சிச் சண்டை போட்டார். பரம்பரை பரம்பரையாகக் கட்சி கட்டி ஆங்கிலக் குத்துச்சண்டை பார்த்துப் பழகிய வடசென்னைக்கு அது திருவிழா. அதே ஆண்டு அக்டோபரில் லாரி ஹோம்ஸிடம் அலி தோற்றார்; 1981 டிசம்பரில் டிரெவர் பெர்பிக்கிடம் தோற்று ஒதுங்கினார். கடைசி இரண்டு சண்டையும் தோல்வி. 2016 ஜூன் 3 அன்று 74 வயதில் இறந்தார். ஜூன் 10 அன்று பிறந்த ஊரான லூயிவிலில் ஊர்வலம். அவர் வளர்ந்த வீட்டைத் தாண்டி வண்டி போனபோது தெருவின் இரு பக்கமும் நின்ற மக்கள் அவர் பெயரைச் சொல்லிக் கத்தினார்கள், வண்டியின் மேல் பூவை வீசினார்கள், ஓடிவந்து அதைத் தொட்டார்கள். ஹோம்ஸும் பெர்பிக்கும் அன்று கணக்கில் இல்லை. உலகத்துக்கே உரியவர் என்று எல்லாரும் எழுதினார்கள்; அவரோ தம் ஊருக்கு, தம் தெருவுக்குத் திரும்பினார். அரசலாபுரத்துக் கல்லும் கோழியை மேற்சேரிக்கு உரியதாகவே வைத்தது.

காட்சி, கால்கோள், நீர்ப்படை, நடுதல், பெரும்படை, வாழ்த்தல் என்று கல் எடுக்கும் சடங்கைத் தொல்காப்பியம் வரிசைப்படுத்துகிறது. கல்லைத் தேர்ந்து, நீராட்டி, நட்டு, படையலிட்டு, வாழ்த்தும்வரை ஒவ்வொரு படியும் கூடிச் செய்வது. சேவலுக்கு இவை அத்தனையும் செய்தார்களா என்று கல் சொல்லாது. ஆனால் கல் தானாக வந்து நிற்காது. ஆநிரை கவரும் வெட்சி, மீட்கும் கரந்தை என்ற பகுப்புக்குள் அடங்காத கோழிக்கற்களை நாய்க்கல்லுக்குப் பக்கத்தில் வைப்பதை விட, ஆமூர் மல்லனுக்குக் கிடைக்காமல் போன கல்லின் இடத்தில் வைத்து ஆராய்வதே முறை. கல்வராயன் அடிவாரம் முதல் முகையூர் வரை இனி நடக்கும் கள ஆய்வுகளில் ஆநிரையும் அரசனும் இல்லாத கற்களைத் தனியே பிரித்துப் பார்க்க வேண்டும். விளையாட்டில் மாண்டவர்களின் கற்கள் இருந்தால் அந்தத் தொகுப்பில்தான் கிடைக்கும்.