எடைக் கருவிக்கு அப்பால்: இங்கிலாந்தில் உண்ணல் கோளாறுகளுக்கான பொதுச் சேவை

உண்ணல் கோளாறு உள்ளவர்களுக்குச் சிறப்புச் சிகிச்சை தேவையா இல்லையா என்பதை, இங்கிலாந்தின் தேசிய சுகாதாரச் சேவையில் பல இடங்களில் நெடுங்காலம் முடிவுசெய்துவந்தது எடைதான். உடல் நிறைக் குறியீட்டெண் ஒரு வரம்புக்குக் கீழே இறங்கினால் அனுமதி, இல்லையேல் காத்திருப்பு. இந்த வழக்கம் நீடிக்கும்வரை வேறு எந்தச் சீர்திருத்தமும் பாதிப் பயனே தரும்.

அளவுமீறி உண்டு அதை வெளியேற்ற முயலும் புலிமியா நோயாளி பெரும்பாலும் இயல்பான எடையுடன் இருப்பார். ஆனால், அடிக்கடி வாந்தியெடுப்பதால் இரத்தத்தில் பொட்டாசியம் குறைந்து இதயத்துடிப்பு சீர்கெடலாம். உணவைக் கடுமையாகக் குறைத்துவிடும் அனோரெக்சியா நோயாளி எடை பார்க்கும் நாளில் வயிறு முட்டத் தண்ணீர் குடித்துவிட்டு வருவதும் உண்டு. கையை ஊன்றாமல் குந்தி எழச் சொல்வது, நாடித்துடிப்பையும் இரத்த அழுத்தத்தையும் பார்ப்பது, இரத்தத்தில் தாது உப்புகளின் அளவைச் சோதிப்பது ஆகிய எளிய பரிசோதனைகள் எடைக் கருவி மறைப்பதை வெளிக்கொணரும். இவை எதையும் செய்யாமல், ‘எடை இன்னும் அவ்வளவு குறையவில்லை’ என்று திருப்பியனுப்பினால், இன்னும் மெலிந்தால்தான் தம்மை நோயாளியாக மதிப்பார்கள் என்றே அவர் புரிந்துகொள்வார். நோயை வளர்க்க இதைவிட வேறொன்றும் வேண்டியதில்லை. எடை, நோயின் கால அளவு போன்ற ஏதேனும் ஒன்றை மட்டும் வைத்துச் சிகிச்சையைத் தீர்மானிக்கக் கூடாது என்று சிகிச்சை நெறிகளை வகுக்கும் ‘நைஸ்’ அமைப்பின் 2017ஆம் ஆண்டு வழிகாட்டுதல் தெளிவாகவே கூறுகிறது.

கைமாறும் இடங்களில் நேரும் கவனக்குறைவு இரண்டாவது குறை. அனோரெக்சியாவுக்காகப் பல மாதங்கள் உள்நோயாளியாக இருந்த 19 வயது மாணவி ஒருவர், 2012இல் வேறொரு நகரில் பல்கலைக்கழகத்தில் சேர்ந்தார். அங்கே அவருடைய உடல்நிலையைத் தொடர்ந்து கண்காணிப்பது சரிவர நடக்கவில்லை. அந்த டிசம்பரிலேயே அவர் இறந்தார். அது தவிர்த்திருக்கக்கூடிய மரணம் என்று நாடாளுமன்ற, சுகாதாரச் சேவைக் குறைதீர்ப்பாளரின் 2017ஆம் ஆண்டு அறிக்கை முடிவுசெய்தது.  ஆகவே, நோயாளி கைமாறும்போது இரத்தப் பரிசோதனையைச் செய்வது குடும்ப மருத்துவரா, சிறப்புப் பிரிவா என்பது எழுத்தில் இருந்தாக வேண்டும்.

மூன்றாவது, காலம். சிறார், இளையோருக்கு அவசர நிலையில் ஒரு வாரத்துக்குள்ளும் மற்ற நிலைகளில் நான்கு வாரங்களுக்குள்ளும் சிகிச்சை தொடங்க வேண்டும் என்ற தரவரையறை 2015இல் வகுக்கப்பட்டது. 2020க்குள் 95 விழுக்காட்டினருக்கு இது கிடைக்க வேண்டும் என்பது இலக்காக இருந்தது. வயதுவந்தோரை இந்த வரையறை சேர்க்கவில்லை. பதின்பருவத்தில் தொடங்கும் நோய் வயதுவந்ததும் நின்றுவிடுவதில்லை என்பதால், பலர் மிகவும் தேவைப்படும் நேரத்திலேயே பாதுகாப்பை இழக்கிறார்கள். இலண்டனில் உருவான ‘ஃப்ரீட்’ திட்டம் இதற்கு நல்ல மாற்று. நோய் தொடங்கி மூன்றாண்டுகள் ஆகாத 16 முதல் 25 வயதுடையோரை 48 மணி நேரத்துக்குள் தொடர்புகொள்வதும், நான்கு வாரங்களுக்குள் சிகிச்சையைத் தொடங்குவதும் அதன் இலக்குகள்.

நிதி குறைவாக இருக்கும்போது மிக மோசமான நிலையில் உள்ளோருக்கே முதலிடம் என்ற வாதம் நியாயம்போலத் தோன்றும். ஆனால், தொடக்கத்தில் புறநோயாளியாகவே தேறியிருக்கக்கூடியவர், முற்றிய பின் மாதக்கணக்கில் மருத்துவமனைப் படுக்கையில் இருக்க நேர்கிறது. செலவும் ஆபத்தும் பன்மடங்காகின்றன. ஆகவே காத்திருப்புக்கான கால வரம்பு வயதுவந்தோருக்கும் சட்டபூர்வ உரிமையாக வேண்டும். எடையை மட்டும் காட்டி எவரையும் திருப்பியனுப்புவது தடைசெய்யப்பட வேண்டும்.